நம் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஒரு பட்டுப் புடவை எடுக்கப் போனால் நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்! முந்தானையை விரித்துப் பார்க்கிறோம். உள்பக்கம் திருப்பி நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கே எடுத்துப் போய் நிறம் பார்க்கிறோம். ஒரு புடவைக்கே இவ்வளவு. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒரு மனை வாங்கும்போது? பத்திரம், பட்டா, வில்லங்கம் பார்க்கிறோம். வாசல் கிழக்கா, வடக்கா என்று பார்க்கிறோம். பஸ் எத்தனை தூரம், பள்ளிக்கூடம் எத்தனை தூரம், எல்லாம் ஆயிற்று. அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கிரகப்பிரவேசம் முடிந்து, ஒரு சித்திரை மாதத்தில் மோட்டார் வெறும் காற்றை ஊதும்போதுதான் அந்தக் கேள்வியே வருகிறது.

நான் பத்தாவதோடு நின்றவள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் மூத்த பெண் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாள். பாறையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் அவளுக்குத் தனியாகப் பாடம் உண்டு. பரீட்சைக்கு முன்னால் யாருக்காவது சொல்லிக் கொடுத்தால்தான் அவளுக்கு மனதில் நிற்குமாம். அந்த 'யாருக்காவது' எப்போதும் நான்தான்! நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். முதலில் அவளுக்காகக் கேட்டேன். அப்புறம் எனக்காகவே கேட்க ஆரம்பித்தேன். வீட்டில் தண்ணீருக்கு அல்லாடுவது நாம்தானே? அது எங்கே இருக்கிறது, எப்படி வருகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ளாமல் வேறு யார் தெரிந்துகொள்வது?

முதல் விஷயம், நிலத்துக்கு அடியில் ஏரி மாதிரியோ ஆறு மாதிரியோ தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது நம் ஊர்ப்பக்கம் சரியில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பாகம் கெட்டிப் பாறை நிலம். எங்கள் கோயம்புத்தூர், சேலம், தர்மபுரி, மதுரை, திருச்சியின் பெரும்பகுதி எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். மீதி கால் பாகம் கடலோரமும் ஆற்றுப் படுகையும். அங்கே மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டப் போனபோது, அடியிலிருந்த தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டு வந்ததாம். அதை ராட்சசப் பம்புகள் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்க வேலை நடக்கும். அது கால் பாகத்தின் அதிர்ஷ்டம். நமக்கு வாய்த்தது பாறை.

அந்தப் பாறையின் வயதைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிற கருங்கல்லுக்கு வயது சுமார் 250 கோடி வருஷம். அதற்குச் 'சார்னக்கைட்' என்று பெயர். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கி வைத்தவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் இறந்தபோது, அவர் கல்லறைக்கு வைத்த கல் நம் மதராஸ் பக்கத்துக் கல். இருநூறு வருஷம் கழித்து தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் அந்தக் கல்லை ஆராய்ந்து, 1893இல் அந்த மனிதரின் பெயரையே பாறை இனத்துக்கு வைத்துவிட்டார். நம் ஊர் அம்மிக்கல் ஜாதிக்கு ஒரு வெள்ளைக்காரர் பெயர்! என் மாமியாரிடம் சொன்னேன். "நாம வச்ச கருங்கல்லுங்கற பேருக்கு என்ன குறைச்சலாம்?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான்.

சரி, கல்லுக்குள் தண்ணீர் எப்படி நிற்கும்? இதைப் புரிந்துகொள்ளக் காபி பில்டரே போதும்.

பில்டரில் கொரகொரப்பான பொடி போட்டால் டிகாக்ஷன் மளமளவென்று இறங்கிவிடும். நைஸாக அரைத்த பொடியைப் போட்டு அழுத்திவிட்டால் காலையில் எழுந்து பார்த்தாலும் பாதிதான் இறங்கியிருக்கும். மேலே வெந்நீர் நிறைய நின்றால் வேகமாக இறங்கும். பொடி கனமாக இருந்தால் மெதுவாக இறங்கும். இவ்வளவுதான் விஷயம். பிரான்ஸ் தேசத்தில் தீழோன் என்ற ஊருக்குக் குடிநீர் கொண்டு வந்த ஹென்றி டார்சி என்ற இன்ஜினியர், குழாயில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டுப் பார்த்து, இதையே கணக்காக எழுதி 1856இல் வெளியிட்டார். உலகமெங்கும் சிவில் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். நாம் தினம் காலையில் ஐந்தரை மணிக்குப் போடுகிறோம்!

இதில் களிமண் இருக்கிறதே, அது சரியான கஞ்சன். மணலைவிட அதிகமாகவே தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் கேட்டால் ஒரு சொட்டு தராது. மணல் தாராள மனசு. வாங்கவும் வாங்கும், கொடுக்கவும் கொடுக்கும். அதனால்தான் கடலோர மணல்மேடுகளில் பதினைந்து அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுகிறது.

கருங்கல் இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. அதற்குள் துளையே கிடையாது. ஆனால் விரிசல் உண்டு. பழைய பீங்கான் கோப்பையில் மயிரிழை மாதிரி கோடுகள் விழுந்து, அதில் டீக்கறை ஏறியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கோப்பையின் பீங்கானுக்குள் டீ போகவில்லை. அந்தக் கோட்டுக்குள்தான் போயிருக்கிறது. நம் ஊர்ப் பாறையில் தண்ணீர் இருப்பதும் அப்படித்தான். மேலே செம்மண்ணோ கரிசலோ. அதற்குக் கீழே வெயிலிலும் மழையிலும் மக்கிப்போன பாறை, கையால் உதிர்த்தால் சரளையாக உதிரும். அதற்குக் கீழே விரிசல் விட்ட பாறை. அதற்கும் கீழே அசையாத கெட்டிப் பாறை. நம் தாத்தாக்கள் வெட்டிய கிணறுகளெல்லாம் அந்த மக்கின பாறையோடு நின்றன. மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்திருப்பது அந்த அடுக்குத்தான். அதிலிருந்து கசிந்துதான் கீழே இருக்கிற விரிசல்களுக்குப் போகிறது.

இப்போது ஆழத்துக்கு வருகிறேன். "எங்க போர் ஆயிரம் அடிங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆழம் போகப் போக மேலே இருக்கிற பாறையின் பாரம் தாங்காமல் விரிசல்கள் இறுகிக்கொண்டே வரும். பெரும்பாலும் முதல் இருநூறு முந்நூறு அடிக்குள்தான் நல்ல விரிசல்கள் இருக்கும். அதற்குக் கீழே விரிசலே இருக்காது என்று சொல்லிவிட முடியாது. சில சமயம் கிடைக்கும். ஆனால் அங்கே இருப்பது வெகுகாலம் தங்கிய பழைய தண்ணீராக இருக்கலாம். எடுத்தால் திரும்ப ஊறுவது நிதானமாகத்தான். நகையை விற்றுச் சாப்பிடுகிற மாதிரி!

விரிசல் கிடைக்காமல் இன்னும் 500 அடி கீழே போனால் என்ன லாபம்? என் பெண் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். ஆறரை அங்குல போர் குழியில் ஒரு அடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 500 அடிக்குச் சுமார் 3,200 லிட்டர். அவ்வளவுதான். ஊற்று இல்லாத ஆழம் என்பது தரைக்கு அடியில் ஒரு உயரமான டம்ளர். அந்த டம்ளருக்கு நாம் கொடுக்கிற விலையில் மாடியில் நாலு டேங்க் வைக்கலாம்.

இந்தக் கணக்கு எங்கள் குடும்பத்திலேயே உதவியது. என் சின்ன நாத்தனார் பல்லடம் பக்கம் பத்து சென்ட் இடம் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தாள். முதல் போர் 450 அடி, வெறும் புழுதி. ரிக் வண்டியோடு வந்தவர், "இன்னும் 300 அடி விட்டுப் பாருங்க, தண்ணி பிச்சிக்கிட்டு வரும்" என்றார். ஆழம் போகப் போக அடிக்கு அடி ரேட்டும் ஏறும் என்பது போர் போட்டவர்களுக்குத் தெரியும். அப்புறம் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர் வந்து வேறு ஒரு மூலையைக் காட்டினார். அங்கே 700 அடி. கொஞ்சம் ஈரம் கசிந்தது. ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரம். வீட்டுக் கதவு ஜன்னலுக்கென்று வைத்திருந்த பணம் இரண்டு ஓட்டைகளில் போய்விட்டது. நாத்தனார் போனில் அழுதாள். "அண்ணி, அவரு வளையலைக் கேக்கறாரு. இதே குழியை ஆயிரம் அடிக்கு இறக்கலாங்கறாங்க."

"அம்மிணி, வளையலை உள்ள வை. ஒரு வாரம் பொறு" என்றேன்.

என் பெண்ணும் அவள் அத்தையும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் விசாரித்தார்கள். யார் வீட்டில் எத்தனை அடியில் ஊற்று வந்தது, கோடையில் வற்றுமா, பழைய திறந்த கிணறு எங்கே இருக்கிறது. ஒரு நோட்டில் படம் வரைந்து குறித்தார்கள். நல்ல தண்ணீர் உள்ள போர்களும் இரண்டு வீதி தள்ளி இருந்த ஒரு பழைய கிணறும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வந்தன! பாறையில் அந்தத் திசையில் விரிசல் ஓடுகிறது என்று ஊகிக்க அது போதும். அப்புறம் முறையாக மின்தடை ஆய்வு செய்தார்கள். நிலத்தில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் விட்டுப் பார்ப்பது. ஈரமான, உடைந்த பாறை மின்சாரத்தைச் சுலபமாக விடும், காய்ந்த கெட்டிப் பாறை தடுக்கும். மனையின் தாழ்வான மூலை நன்றாக இருப்பதாகத் தெரிந்தது. அங்கே 280 அடி போட்டார்கள். 110 அடியில் ஒன்றும் 190 அடியில் ஒன்றுமாக இரண்டு ஊற்று. கடல் ஒன்றும் இல்லை. ஒரு குடும்பத்துக்குத் தாராளம். கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்திருக்கும். ஆய்வு செய்தும் தவறிப்போன இடங்கள் உண்டு என்று என் பெண்ணே சொல்கிறாள். ஆனாலும் தேங்காயைவிட இது தேவலை என்பது என் அபிப்பிராயம். தேங்காய் தவறினால் ஏன் தவறியது என்று யாராலும் சொல்ல முடியாது பாருங்கள்.

போர் போடும்போது பெண்கள் வீட்டுக்குள் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்காமல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பத்தடிக்கு ஒரு பிடி பொடியை எடுத்துத் தரையில் வரிசையாகக் குமித்து வையுங்கள், ரங்கோலிப் பொடி கடைக்காரர் மாதிரி. முதலில் மண் நிறம். அப்புறம் பழுப்புச் சரளை. அப்புறம் வெள்ளையோ சாம்பலோ. காசிங் பைப் கெட்டிப் பாறையைத் தொடுகிற வரை இறங்க வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் மேல்மண்ணும் அழுக்குத் தண்ணீரும் குழியில் இறங்கும். சாம்பல் பொடி வந்துகொண்டிருக்கும்போது நடுவில் திடீரென்று துருப்பிடித்த நிறத்தில் பொடி வந்தால் கவனியுங்கள். அங்கே விரிசல் இருக்கிறது, அதன் வழியாகத் தண்ணீர் நடமாடியிருக்கிறது, பாறையில் இருந்த இரும்பு துருவேறியிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை அடியில் வந்தது, எத்தனை அடியில் ஊற்று, எத்தனை இஞ்ச் தண்ணீர், காசிங் எவ்வளவு, மோட்டார் எத்தனை அடியில் இறக்கினார்கள், எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். குழந்தையின் ஜாதகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான். பத்து வருஷம் கழித்து மோட்டார் மாட்டிக்கொண்டால் அந்தக் காகிதம் தங்கம்.

இன்னொன்று. நம் போர் நம் வீட்டுக்கு மட்டும் சொந்தம், தண்ணீர் அப்படி இல்லை. ரவை டப்பாவில் நடுவில் கரண்டியால் எடுத்தால் சுற்றியிருக்கிற ரவை குழியை நோக்கிச் சரிகிறதே, அந்த மாதிரி நாம் மோட்டார் போட்டால் சுற்றுப்புறத்து நீர்மட்டம் நம் போரை நோக்கிப் புனல் போலச் சரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் குழியும் அந்தச் சரிவுக்குள் இருந்தால் அவருக்குத் தண்ணீர் இறங்கும். அவர் கோபித்துக்கொண்டு இன்னும் நூறு அடி ஆழப்படுத்துவார். அப்புறம் நாம். லாபம் ரிக் வண்டிக்காரருக்கு. ஒரு வீதியில் அடுத்தடுத்த வீடுகள் பேசிவைத்துக்கொண்டு வேறு வேறு நேரத்தில் மோட்டார் போட்டாலே பாதித் தகராறு தீரும்.

கடலோரத்து வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மணலில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல் நீர் கிலோமீட்டர் கணக்கில் நிலத்துக்கு அடியில் உள்ளே வந்துவிட்டது. பால் முறிந்த மாதிரிதான், லேசில் திரும்பாது.

எடுப்பதைச் சொன்னேன், போடுவதைச் சொல்ல வேண்டாமா? வீட்டுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது கைவந்த கலை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். எங்கள் கோயம்புத்தூர் மேற்கு மலைக்கு மறைவில் இருப்பதால் மழை குறைவு. வருஷத்துக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் சுமார் 60,000 லிட்டர்! ஆவியாகிப் போவது, முதல் மழையில் மாடி கழுவிப் போவது என்று ஐந்தில் ஒரு பங்கு தள்ளினாலும் 48,000 லிட்டர் மிச்சம். 12,000 லிட்டர் லாரி நாலு. காசு கொடுத்து லாரிக்காரரிடம் கெஞ்சி வாங்குகிற தண்ணீர், ஓசியில் மாடியில் இறங்கி, குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது. சென்னையில் மழை இதைப் போல் இரண்டு பங்கு. அப்படியிருந்தும் 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு போனார்களே!

மழைநீர் சேகரிப்பு 2003லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. பல வீடுகளில் ஒரு குழாயும் ஒரு மூடியும் மட்டும் இருக்கும். குழியில் குப்பை அடைத்து வருஷங்கள் ஆகியிருக்கும். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு நாள் மாடியைக் கூட்டி, குழியைத் திறந்து, மேல் மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள். கரிசலோ களிமண்ணோ உள்ள இடத்தில் நாலடிக் குழி தோண்டி ஜல்லி போட்டால் தண்ணீர் இறங்காமல் கொசுதான் வளரும். அந்தக் களிமண் அடுக்கைத் தாண்டிச் சரளை வரைக்கும் ஒரு சிறு துளை போட்டு இறக்க வேண்டும். ஜல்லி, கூழாங்கல், மணல் என்று அடுக்கிய வடிகட்டித் தொட்டி வழியாகத்தான் விட வேண்டும். தெருத் தண்ணீர், குளியலறைத் தண்ணீரைத் தப்பித் தவறியும் போர் குழியில் விடக்கூடாது.

கரிசல் என்றதும் வீட்டுச் சுவர் ஞாபகம் வருகிறது. ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசல் ஓடினால் கொத்தனாரைத் திட்டுகிறோம். பல இடங்களில் குற்றவாளி மண்! கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். வீட்டை வருஷா வருஷம் தூக்கித் தூக்கி இறக்கும். இதற்காகவே அடியில் குடை மாதிரி அகன்ற தூண்களை மண்ணின் அசைவு எட்டாத ஆழத்தில் நிறுத்திக் கட்டுகிற முறையை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துத் தந்திருக்கிறார்கள். மனை கரிசலாக இருந்தால் அஸ்திவாரம் போடும் முன் மண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 'பக்கத்து வீட்டுக்காரர் செய்யவில்லையே' என்பார் உங்கள் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுச் சுவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி இளம் தாய்மார்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. பாறைக்குள் வெகுகாலம் தங்கிய தண்ணீர் பாறையின் குணத்தையும் வாங்கிக்கொண்டு வருகிறது. ஊறுகாய் ஊற ஊற உப்பு ஏறுவது போலத்தான். கருங்கல்லில் மின்னுகிற கருப்புக் காக்காப்பொன் போன்றவற்றில் புளோரைடு என்ற பொருள் உண்டு. அது மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதற்கு மேல் போனால், நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கிற சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லில் சுண்ணாம்பு வெள்ளையும் காவிக் கறையும் விழும். எத்தனை தேய்த்தாலும் போகாது; அது பல்லுக்குள்ளேயே இருப்பது. மிகவும் அதிகமான தண்ணீரைப் பல வருஷங்கள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கஷ்டம் அதிகம் இருந்ததால்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டு போகிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. கல்யாணப் பேச்சில் 'பெண்ணுக்குப் பல் காவி' என்று தட்டிப் போனவர்கள் எத்தனை பேரோ! பெண் மேல் என்ன குற்றம்? அவள் ஊர்ப் பாறை அப்படி.

இன்னொன்று நைட்ரேட். இது கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் வருவது. செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடியாவது இருக்கட்டும் என்பார்கள். மணல் நிலமாக இருந்தால் அந்த 50 அடி மணல் கொஞ்சம் வடிகட்டும். ஆனால் விரிசல் பாறையில் வடிகட்ட என்ன இருக்கிறது? கோப்பையின் கோட்டுக்குள் டீ ஓடுகிற மாதிரி கழிவு நேரே ஓடி வந்துவிடலாம். ஆகவே எத்தனை தூரம் முடியுமோ அத்தனை தூரம், அதுவும் கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் செப்டிக் டேங்கை வையுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் ரத்தத்துக்குப் பிராணவாயுவைச் சுமக்கிற சக்தி குறையும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கிற தாய்க்கு இந்தப் பயமே இல்லை. அந்தக் குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம்.

"நான்தான் கொதிக்க வைத்துக் கொடுக்கிறேனே!" என்பீர்கள். கொதித்தால் கிருமி சாகும், நல்லதுதான். புளோரைடும் நைட்ரேட்டும் சாகிற ஜாதி இல்லை. ரசம் சுண்டினால் உப்பு தூக்கலாவது போல, தண்ணீர் வற்ற வற்ற அவை கூடத்தான் செய்யும். பழைய மாடல் கேண்டில் பில்டரிலும் போகாது. ஆர்.ஓ. மிஷினில் பெருமளவு குறையும். எதையும் வாங்குவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன; கட்டணம் கட்டினால் பார்த்துத் தருகிறார்கள். சுத்தமான இரண்டு லிட்டர் பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசி, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டேங்க்கிலிருந்து பிடிக்காமல் போர் குழாயிலிருந்தே பிடித்துக் கொடுங்கள். புதுப் போருக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷம் ஒரு தடவை, கோடையில். கிருமி சோதனைக்கு மட்டும் அவர்களே தருகிற பாட்டில் வேண்டும்.

கடைசியாக, தண்ணீர் வராத போர் குழியைப் பற்றி. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் ஒரு கிராமத்தில், கைவிட்ட குழியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததை நாமெல்லாம் டி.வி. முன்னால் ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்த்தோம். பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டி எடுத்துவிடலாம் என்று பெரிய பெரிய இயந்திரங்கள் வந்தன. நான் மேலே சொன்னேனே, அந்தக் கெட்டிப் பாறை. துளை போடவே முடியாமல் திணறின. மூன்று நாளைக்கு மேல் போராடியும் குழந்தை பிழைக்கவில்லை. இந்தக் குழிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010லேயே விதிகளை வகுத்துவிட்டது. போர் போடப் பதினைந்து நாள் முன்னால் அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் தடுப்பு வேண்டும். மோட்டார் ரிப்பேருக்கு எடுத்தால்கூடக் குழி திறந்து கிடக்கக்கூடாது. கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். சாக்கைப் போட்டு மேலே ஒரு கல்லை வைத்தால் அது மூடியதாகாது.

நாத்தனார் வீட்டில் அந்த 450 அடிக் குழியை, அதிலிருந்து வந்த பொடியையும் சரளையையும் மண்ணையும் போட்டே தரை வரைக்கும் இறுக்கி நிரப்பிவிட்டார்கள். ஈரம் கசிந்த 700 அடிக் குழியை மழைநீர் இறங்குவதற்கென்று வைத்துக்கொண்டார்கள். மாடித் தண்ணீர் வடிகட்டித் தொட்டி வழியாக அதில் போகிறது. காசிங் வாயில் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து, தொட்டிக்கு மேல் கான்கிரீட் மூடி போட்டிருக்கிறார்கள். மூடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.